இருபத்தொன்பதாம் நாள் தூக்கிய மூட்டை

ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் கட்டடக் குத்தகை எடுத்தேன். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பதினொரு கோயில் மதில்கள், சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் கால்வாய்ச் சிறுபாலங்கள், ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சாப்பாட்டுக் கூடம், எனக்கென்று நான்கு அறையுள்ள கல்வீடு. பிளான் வரையத் தெரியாது. ஆனால் நான் பூசிய சுவரில் ஒரு கீறல் காட்டுங்கள், பார்ப்போம். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இத்தனையும் கட்டியது இந்த முதுகு.

அறுபத்தெட்டாம் வயதில் இடது கால் பெருவிரல் மரத்துப்போனது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடை வரைக்கும் நடந்திருக்கிறேன். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் வட்டு) நைந்து நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஃபியூஷன் (இரண்டு எலும்புகளை ஸ்க்ரூ போட்டு ஒன்றாகச் சேர்ப்பது) செய்தார்கள். செய்தவர் நம் தமிழ்ப் பெண் டாக்டர் ஒருவர். என் மகன் முரளியைவிட வயது குறைந்தவர்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்னார்: "அங்கிள், ஸ்க்ரூ சும்மா பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு. எலும்பு சேரணும். அதுவரைக்கும் பாரம் தூக்காதீங்க. சிமெண்டு மாதிரிதான், இறுக நாளாகும்."

"எனக்கே சிமெண்டு சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. காங்கிரீட்டு முழுசாக இறுக இருபத்தெட்டு நாள். தெரிந்தவன் எதற்குக் கேட்க வேண்டும்?

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் மழை கட்டிக்கொண்டு வந்தது. வேலி பூச இறக்கிய சிமெண்டு மூட்டைகள் வாசலில் கிடந்தன. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. நனைந்தால் சிமெண்டு கல்லாகிவிடும். தூக்கி உள்ளே வைத்தேன். இடுப்பில் சுருக்கென்றது. படுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்த புதிதில், தையல் இருந்தவரை, வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மைலோ டின் மட்டும் ஒன்பது சேர்ந்தது. தையல் பிரித்த பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். கட்டு இல்லாத வலியை யார் வந்து பார்ப்பது? உட்கார்ந்தால் இருபது நிமிடம், நின்றால் பத்து நிமிடம், மீதி நேரமெல்லாம் படுக்கை. காலை ஏழு மணிக்கு வீடு காலியாகும். மாலை ஆறு வரை நானும் சுவரும்தான். நான் பூசிய சுவர் என்பதால் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, அவ்வளவு சுத்தம்.

முரளி வேலை முடிந்து வந்ததும் என் கட்டில் ஓரத்தில் உட்காருவான். உட்கார்ந்து டாக்டரைத் திட்டுவான்.

"ஏழு மாசம் ஆச்சுப்பா. இன்னும் வலிக்குதுன்னா என்னா அர்த்தம்? சின்னப் பொண்ணு லா, ஸ்க்ரூவ சரியா போடல. நான் புகார் எழுதத்தான் போறேன்."

நான் டிவியைப் பார்த்தபடி இருப்பேன். மூட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான். ஒரு நாளில் என் பக்கத்தில் ஒரு மனிதர் உட்காருவது அந்த அரை மணி நேரம்தான். அதற்காக அந்தப் பெண் திட்டு வாங்கட்டும் என்று விட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது முரளி புகாரைக் கைப்பேசியில் எழுதியே வைத்திருந்தான். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். நான்கு ஸ்க்ரூவும் தூக்குநூல் பிடித்ததுபோல் நேராக நின்றன. வேலை தெரிந்த கை என்பது எனக்குப் பார்த்ததும் தெரிந்தது.

"அப்பறம் ஏன் டாக்டர் எங்கப்பாவுக்கு வலிக்குது?" என்று முரளி குரலை உயர்த்தினான். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. திரையையே மறுபடி மறுபடி பார்த்தார், தன் தப்பைத் தேடுகிறவர்போல. என்னால் தாங்க முடியவில்லை.

"இருபத்தொம்பதாம் நாளு நான் சிமெண்டு மூட்ட தூக்கினேன்" என்றேன்.

"என்னாப்பா சொல்றீங்க? எத்தன மூட்ட?"

"ரெண்டு." ஒன்று என்று சொல்லியிருக்கலாம். தூக்கியதை ஏன் குறைத்துச் சொல்ல வேண்டும்?

"அது என்னா அங்கிள், இருபத்தொம்பது?"

"காங்கிரீட்டுக்கு இருபத்தெட்டுதானம்மா கணக்கு."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எலும்புக்கு ஒரு வருசம்கூட ஆகும் அங்கிள்! அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?" பிறகு பொறுமையாகச் சொன்னார். வலிக்கு மூட்டை காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நரம்பு மெதுவாகத்தான் ஆறும். தினமும் நடந்து முதுகுத் தசையைப் பலப்படுத்த வேண்டும். கொஞ்சம் வலி கடைசிவரை கூடவே இருக்கலாம்.

வீட்டு வாசலில் முரளி புகாரை அழித்துவிட்டு என்னிடம் காட்டினான். அன்றிலிருந்து கட்டில் ஓரத்தில் யாரும் உட்காருவதில்லை.

நடக்க ஆரம்பித்தேன். முதலில் கேட் வரைக்கும். பிறகு வாய்க்கால் ஓரமாக நான்காவது தென்னை வரைக்கும். இப்போது தார்ச்சாலை வரைக்கும் போய்த் திரும்புகிறேன். துணைக்கு யாரும் இல்லை. முன்பெல்லாம் ஒரு வேலையை எடுத்தால் முடிக்கும் நாள் எனக்குத் தெரியும். இந்த முதுகுக்கு முடிக்கும் நாள் கிடையாது. காலையில் எழுந்து காலைத் தரையில் ஊன்றிப் பார்த்துத்தான் அன்றைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று தெரிகிறது. முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். எத்தனை நாள் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், கேட்பதில் கௌரவம் குறையாது.

இப்போது கோயிலில் முரளி என்னைக் காட்டிச் சொல்கிறான்: "வலி அப்பா தேடிக்கிட்டது. நடக்க வச்சது டாக்டர்." எல்லாரும் சிரிக்கிறார்கள். மூட்டை தூக்கியது நான்தான், மறுக்கவில்லை. ஸ்க்ரூ போட்டது அந்தப் பெண், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மழையிலும் வெயிலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு தார்ச்சாலை வரைக்கும் நடந்த கால் யாருடையது? வலிக்கு என் பெயரைச் சொன்னவர்கள் நடைக்கும் என் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.