ஒவ்வொரு வரியிலும் அப்ரா

கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் கடந்து திருகோணமலை டவுனுக்கு வேலைக்கு வருகிறவள் அப்ரா. நிலாவெளி ஹோட்டல்களுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் எழுதுகிற சின்னக் கம்பனி அது. ஒன்பது மாதமாகத் தற்காலிக வேலை. இந்த மாதம் நிரந்தரக் கடிதம் வரவேண்டும். அந்தக் கடிதத்துக்காக நோன்பு காலத்தில்கூட ஒரு நாள் லீவு எடுக்காதவள்.

அங்கே எழுதுவது விண்டோஸ் கணினியில். ஓடுவது லினக்ஸ் சேர்வரில். ஒவ்வொரு வரியின் முடிவிலும் விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளைப் போடும். லினக்ஸுக்கு ஒன்று போதும். மற்றதைக் கண்டால், எழுதியதை ஓடும் மென்பொருளாகக் கட்டித் தருகிற பில்ட் ஸ்கிரிப்ட் அடம்பிடித்துப் படுத்துவிடும். வாரத்துக்கு இரண்டு தரம் படுத்தது. யாருக்காவது அக்கறை இருந்ததா? மருந்துக்கும் இல்லை!

அப்ராவுக்குப் பொறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான கோப்புகளில் எல்லா வரிமுடிவுகளையும் ஒரேயடியாகச் சீராக்கினாள். அதற்குப் பிறகு ஸ்கிரிப்ட் நிற்கவே இல்லை. நன்றி என்று ஒரு சொல்லும் வரவில்லை.

வினை வேறு வழியால் வந்தது. கோப்புகளின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற மென்பொருள், ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயரை அந்த வரிக்கு நேரே காட்டும். எல்லா வரியையும் தொட்டவள் அப்ரா. மூன்று வருடமாக ஆறு பேர் எழுதிய அத்தனையும் அவள் பெயருக்கு வந்துவிட்டது.

பௌர்ணமிப் போயா விடுமுறையில் ஒரு ஹோட்டலில் ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டது மென்பொருள். ஹோட்டல்காரர் போனில் கத்தித் தீர்த்தார். மனேஜர் கனகசுந்தரம் பிழையான வரியைத் தேடிப் பிடித்து, அடுத்த நாள் அப்ராவைக் கூப்பிட்டார்.

“உங்கட பேரெல்லோ கிடக்கு, பிள்ளை?”

“இஞ்ச வேலை செய்த தாஹிர் நானா எழுதினது, சேர். கட்டாருக்குப் போக முந்தி. நான் வரிமுடிவை மட்டும்தான் மாத்தினனான்.”

வரிமுடிவு மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று கிட்டுக்குக் கட்டளை கொடுத்துக் காட்டினாள். அவள் பெயர் மறைந்து தாஹிரின் பெயர் வந்தது. கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“ஓம், விளங்குது. ஆனா காலமையே ஹோட்டலுக்குக் கடிதம் போட்டாச்சு, பிழை விட்டவரை வேலையால நிப்பாட்டிட்டம் எண்டு. இனி மாத்த ஏலாது.”

“நான் செய்யாத பிழைக்கா, சேர்?”

அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்த மனிதருக்கு வெட்கமாவது இருந்ததே, அது மட்டும்தான் ஆறுதல்.

“போக முந்தி அந்தப் பிழையை ஒருக்காத் திருத்தித் தாங்கோ, பிள்ளை. இஞ்ச வேற ஆருக்கும் அது விளங்காது.”

அப்ராவுக்கு ஆத்திரம் பொங்கியது. முடியாது என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கி, அறையில்லாமல் நிற்கப்போகிற குடும்பம் அவளுக்கு என்ன கெடுதல் செய்தது? கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் பையை எடுத்தாள்.