மூன்றாம் முறை கேட்ட பூ

துறைமுக வேலைநிறுத்தத்தின்போது ஓர் அடியாள் என் கொழுந்தனின் மண்டையை உடைத்துவிட்டான். ஆத்திரத்தில் என் கணவர் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, அம்மன் முன் போட்டு எடுத்தார். சிவப்பு வந்தால் அவனை வெட்டுவது, வெள்ளை வந்தால் விட்டுவிடுவது. இரண்டு முறையும் வெள்ளையே வந்தது.

“அம்மாதான் சொல்ட்டாளே, இன்னும் இன்னாய்யா கேட்டுகினு கீறே?” என்றேன்.

“நீ சும்மா கெட!” என்று மறுபடி எடுத்தார். சிவப்பு வந்தது.

மூட்டை தூக்கும் கொக்கியோடு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். சந்தில் அவன் கழுத்துக்கு ஓங்கியபோது, “தாயே!” என்று குறுக்கே விழுந்தேன். கொக்கி என் தோளைக் கிழித்தது. என் ரத்தத்தைப் பார்த்ததும் கொக்கியை எறிந்துவிட்டுக் கதறினார். அவன் உயிரும் தப்பியது, என் தாலியும் தப்பியது.

சந்தேகம் வந்தால் இப்போதும் அம்மனிடம் பூக் கேட்கிறோம். ஒரு பொட்டலத்தைப் பிரித்ததுமே, மற்றதிலுள்ள பூவை நான் தலையில் வைத்துக்கொண்டுவிடுகிறேன்.