ஓடலி திறந்த ஜன்னல்

மிஸ் ஓடலிக்கு அந்த இன்சூரன்ஸ் பாலிசியைப் படித்து விளக்கியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லேக் சார்ல்ஸில் நாங்கள் குடியிருந்தது இரண்டு மாடிப் பழைய கட்டடம். முற்றத்துக்கு இந்தப் பக்கம் நான், எதிர்ப்பக்கம் மேல்மாடியில் ஓடலி செமியனும் அவர் அக்கா சுல்மாவும். ஓடலிக்கு அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷமாக நானூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுகிறவர். சுல்மாவுக்குச் சர்க்கரையில் கண் போய்ப் பன்னிரண்டு வருஷம். கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்பது எட்டு, அடுப்பிலிருந்து ஜன்னலுக்கு நாலு எட்டு என்று அந்த வீடு முழுக்க அவருக்குக் கணக்கு உண்டு. "வேற இடத்துல இவ குருடி. இங்க வீட்டுக்காரி," என்பார் ஓடலி. அக்காவை முதியோர் இல்லத்தில் விடச் சொல்லி அண்ணன் மகள் வருஷம்தோறும் கேட்பாள். தலைக்கு மேல் கூரை இருக்கிறவரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று ஓடலி அவள் வாயை அடைத்துவிடுவார்.

வாடகைக்கு இருக்கிற எல்லோரும் தங்கள் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்று கட்டடக்காரர் கட்டாயமாக்கிய வருஷம், நாற்பது பக்கக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓடலி என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த நேரம். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

"கட்டடக்காரர்தான் இன்சூரன்ஸ் வெச்சிருக்காரே, எனக்கு எதுக்குக் கண்ணு?"

"அது செங்கல்லுக்கும் கூரைக்கும். உங்க கட்டில், மெத்தை, துணிமணிக்கெல்லாம் நீங்கதான் எடுக்கணும். வீடு இருக்க லாயக்கில்லாமப் போச்சுன்னா, வேற இடத்துல தங்கற வாடகையும் இதுல வரும். ரெண்டு பேருமே தங்கலாம்."

"அந்த வரியை இன்னொரு தடவை படி," என்றார் மூலையில் உட்கார்ந்திருந்த சுல்மா. படித்தேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஆனா வெள்ளத்துக்குக் கிடையாது. அதுக்குத் தனி பாலிசி."

"புயல்னாலே வெள்ளந்தான். பின்ன எதுக்குத்தான் உண்டாம்?"

நான் ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். ஒரு சொட்டை மூன்று தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருக்கிவிட்டேன். "தண்ணி மேலேருந்து வந்தா உண்டு. கீழேருந்து வந்தா இல்ல. அவ்வளவுதான்."

"மாடியில இருக்கோம். கீழேருந்து நமக்கு வர்றது வெர்னல் வீட்டு மீன் நாத்தம் ஒண்ணுதான்," என்றார் சுல்மா. ஓடலி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பதினெட்டாம் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. காற்று முதலில் கூரையையோ சுவரையோ உடைத்துத் திறப்பு உண்டாக்கி, அதன் வழியே மழை உள்ளே வந்தால்தான் அது சேதமாகக் கணக்கில் வரும். அந்த வரியையும் படித்தேன். சொன்னால் குழப்பம் என்று நினைத்தேன். அதற்குள் சாப்பாட்டுத் தட்டு வேறு வந்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் புயல் வந்தது. இரண்டு நாள் முன்பே நான் காரில் சாமான் ஏற்றிவிட்டேன். அவர்களையும் கூப்பிட்டேன்.

"போன புயலுக்குப் பள்ளிக்கூடத்து ஜிம்ல மூணு நாள் கிடந்தேன். கக்கூஸுக்குப் போக ஊர்க்காரன் கையைப் பிடிக்கணும். நான் வரல," என்றார் சுல்மா. "நீ ஓடு, கண்ணு. மேகம் கறுத்தாலே உன் கார் தானா கெளம்பிடுமே."

நான் ஹூஸ்டனுக்குப் போய்விட்டேன். இங்கே நடந்ததை ஓடலி பின்னால் சொன்னார்.

காலையிலிருந்து வடக்கேயிருந்து காற்று. கட்டடம் முழுக்க முனகியதாம். பத்து மணிக்குச் சுல்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "காது அடைக்குது, ஓடலி. வீடு மூச்சு முட்டுது. தெக்கு ஜன்னலைத் திற." காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்து ஜன்னலை ஒரு கை அளவு திறந்துவைத்தால் வீடு மூச்சு விடும், கூரை தப்பும். இந்தக் கடற்கரையில் வயதானவர்கள் எல்லோரும் அப்படி நம்பித்தான் வளர்ந்தவர்கள். திறக்காதே என்று ரேடியோவில் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். ஓடலியின் அப்பா ரேடியோவைக் கேட்டு நடந்தவர் அல்ல. ஓடலி திறந்தார்.

நடுப்பகலில் புயலின் கண் ஊர்மேல் வந்தது. காற்று நின்றது. பிறகு தெற்கேயிருந்து திரும்பி அடித்தது. ஜன்னல் சட்டம் முறுக்கிக்கொண்டு மூடவே இல்லை. மெத்தையை நிறுத்தி முட்டுக் கொடுத்தார். சுல்மாவும் தோளைக் கொடுத்தார். நாலு மணி நேரம் மழை அந்த ஒரு கை அகலத்தில் வீட்டுக்குள் கொட்டியது.

பிறகு மூன்று வாரம் கரண்ட் இல்லை. அந்த வெக்கையில் பூஞ்சை தரையிலிருந்து ஏறி உத்தரம் வரை கறுத்தது. சுவரெல்லாம் பிரிக்க வேண்டும், பத்து நாளில் காலி செய்யவும் என்று கட்டடக்காரர் கதவில் ஒட்டினார். இரண்டு பேரும் சர்ச் கூடத்துக்குப் போனார்கள். ஓடலி அங்கேயும் சமையலை ஏற்றுக்கொண்டார். "பரவாயில்ல, தண்ணி மேலேருந்துதானே வந்துச்சு," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

சேதம் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒஹாயோவிலிருந்து ஓர் இளைஞனை அனுப்பியது. அதற்குள் நானும் ஊர் திரும்பியிருந்தேன்; மூன்று பேரும் பழைய வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தோம். மரியாதையான பையன். முதலில் ஏணி வைத்துக் கூரையில் ஏறினான். இறங்கி வந்து, "கூரைக்கு ஒண்ணும் ஆகலையே," என்றான்.

"எப்படி ஆகும்? நாங்க பார்த்துக்கிட்டோம்ல," என்றார் சுல்மா பெருமையாக.

அவன் அறைக்குள் வந்து ஜன்னலைப் பார்த்தான். "காத்துல உடைஞ்சதா, மேடம்?"

"உடையலப்பா. நான் திறந்தேன்."

பேனா நின்றது. அவன் ஓடலியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஒருவேளை காத்தே தள்ளித் திறந்திருக்குமோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் ஒரு வாசல் காட்டினான். எனக்குப் புரிந்தது. பதினெட்டாம் பக்கம் கண்முன் நின்றது. ஓடலிக்கோ தன்னைச் சந்தேகப்படுகிறான் என்றுதான் பட்டது.

"நான் திறக்காம அது எப்படித் திறக்கும்? கொக்கி உள்பக்கம் இருக்கு, பாரு."

அவன் எழுதிக்கொண்டான். நான் கதவோரம் நின்றேன். என் குடியுரிமை விண்ணப்பம் அரசாங்க மேசையில் கிடக்கிறது. காகிதத்தில் பொய் ஏறுகிற இடத்தில் என் குரல் இருக்கக்கூடாது. அந்த நேரத்தில் மனசில் ஓடியது அவ்வளவுதான்.

பதினோரு நாளில் ஓடலியின் போனுக்குக் கடிதம் வந்தது. சர்ச் சமையலறையில் கரண்டியை வைத்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். பதினெட்டாம் பக்கத்து வரி ஒரு சொல் மாறாமல் இருந்தது. திறப்பைக் காற்று உண்டாக்கவில்லை. ஆகவே சாமான்களுக்கு இல்லை. சேதமே கணக்கில் வராததால் தங்குவதற்கும் இல்லை.

"இந்த வரி அப்பவே அந்தக் காகிதத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ படிச்சியா?"

"படிச்சேன், மிஸ் ஓடலி."

பானையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி அதைக் கிண்டினார். வெகுநேரம் கிண்டினார். பிறகு தட்டில் சோறு போட்டு என் முன் வைத்தார்.

"ஆறிடும், சாப்பிடு. அக்காகிட்ட ஜன்னல்னு மட்டும் சொல்லிடாத. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லிக்கறேன்."

மறுபரிசீலனை கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். அதே வரி இரண்டு தடவை திரும்பி வந்தது. பின்வீட்டில் கூரை பறந்த குடும்பத்துக்கு இன்சூரன்ஸில் ஹோட்டல் அறை கிடைத்தது. ஊரில் காலியாக ஒரு வீடு கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கும்போது ஓடலி ஊரில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். ஒன்றுவிட்ட தம்பியின் டிரெய்லர் வீட்டில் ஒரே ஒரு படுக்கைக்கு இடம் கிடைத்தது. அண்ணன் மகள் ஷ்ரீவ்போர்ட்டில் முதியோர் இல்லம் பார்த்துவிட்டாள்.

என் காரில்தான் போனோம், மூன்று மணி நேரம். சுல்மா பின் சீட்டில் பாதி வழி வரை பேசிக்கொண்டு வந்தார்.

இல்லத்தின் அறை சின்னது. சுல்மா கட்டிலைத் தொட்டுக்கொண்டு எண்ணி நடந்தார். மூன்றாவது எட்டில் ஜன்னல் வந்தது. சட்டத்தைச் சுற்றிலும் விரலால் தடவினார். இன்னொரு தடவை தடவினார்.

"கொக்கி எங்க?"

"இது திறக்காதும்மா. இங்க எல்லா ஜன்னலும் அப்படித்தான்," என்றாள் பணிப்பெண்.

"அப்ப புயல் வந்தா?" சுல்மா குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஓடலி, இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. நம்ம கூரை எப்படி நின்னுச்சுன்னு சொல்லு."

ஓடலி அக்காவின் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"தெக்கு ஜன்னலை ஒரு கை அளவு திறந்து வெச்சோம்," என்றார். "ஒரு ஓடுகூடப் போகல."

பணிப்பெண் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை உயர்த்திப் பூட்டினாள்.