கேள்வியை வாசித்தவர்

காணிப் பத்திரம் இல்லாதவர்களுக்கென்று ஜெயபுரம் பள்ளிக்கூடத்துக்குக் காணி அதிகாரிகள் வந்து நடமாடும் சேவை நடத்திய அன்று, நான் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தேன். படிவத்தில் கோடுகள் தெரிந்தன, பொடி எழுத்துத் தெரியவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த, முன்பின் பார்த்திராத ஒருவர், "தாங்கோ அம்மா, நான் நிரப்பித் தாறன்" என்று கையை நீட்டினார்.

நான் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். காணித் தரகராக இருக்கலாம், புலனாய்வுக்காரராகவும் இருக்கலாம்.

"நீங்கள் எந்த ஊர்?"

"பூவரசங்குளம். தங்கச்சியின்ர காணி அலுவலாய் வந்தனான்."

அவருக்குப் பக்கத்தில் எந்தத் தங்கச்சியையும் காணவில்லை.

என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "சரி, நான் கேள்வியை மட்டும் வாசிக்கிறன். நீங்களே எழுதுங்கோ" என்றார். வெறும் படிவம் ஒன்றை வாங்கிவந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். நான் எழுதும்போதெல்லாம் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியிருந்தும் அடையாள அட்டை இலக்கத்தைக் கையால் மறைத்துத்தான் எழுதினேன்.

முடிந்ததும் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். நான் நன்றி சொல்லவில்லை.

அடுத்த வருசம் பத்திரம் கைக்கு வந்தது. அதில் என் பெயர்தான் இருக்கிறதா என்று மகளைக் கொண்டு இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.