எல்லா வேடமும் எல்லாருக்கும்

அந்த அரசுப் பள்ளியில் ஓவியம், பாட்டு, நாடகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டீச்சர்தான். அவர் நாடகம் போடும் விதமே தனி. எந்தப் பிள்ளைக்கும் ஒரு வேடம் என்று கிடையாது. எல்லாரும் எல்லா வசனத்தையும் மனப்பாடம் பண்ணியாக வேண்டும். செங்கல் சூளைக்கு ஆள் ஏற்றும் லாரி எப்போது வருமென்று யார் கண்டது? அப்பா அம்மா கிளம்பினால் பிள்ளையும் கிளம்பிவிடும். ராஜா போனால் மந்திரி ராஜாவாவான்; மந்திரியும் போனால் மரமாக நிற்கும் பெண் மந்திரியாவாள்.

"கடைசியில உங்க நாடகத்துல திரை மட்டும்தான் மிஞ்சும் டீச்சர்" என்று தலைமையாசிரியர் சிரிப்பார்.

"முதல்ல வாயைக் கழுவுங்க சார்!"

இந்த வருஷம் மழை சீக்கிரமே விட்டது. லாரியும் சீக்கிரமே வந்தது. வட்டாரப் போட்டி அவர்கள் பள்ளியிலேயே நடந்த அன்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சிறுமி. அவளே ராஜாவாக அதட்டினாள், எதிர்ப்பக்கம் ஓடிப்போய் மந்திரியாகக் குனிந்தாள், நடுவில் கைவிரித்து மரமாகவும் நின்றாள். நடுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பாதி நாடகத்தில் அவளுடைய அம்மா மேடையோரம் வந்து நின்றாள். "லாரி கிளம்புது, வாடி."

சிறுமி அட்டைக் கிரீடத்தைக் கழற்றி டீச்சர் கையில் கொடுத்தாள். "மிச்சம் உங்களுக்குத் தெரியும்ல டீச்சர்?"

தெரியாமலா? டீச்சர் மேடையேறினார். கிரீடம் தலைக்குப் பற்றவில்லை, கையாலேயே பிடித்துக்கொண்டார். அடுத்தது ராஜாவின் வசனம்.

"மந்திரி, என் மக்களெல்லாம் எங்கே?"