வாசலில் ஆறு சோடி சப்பாத்து

சிட்னியின் நார்த்மீட்டில் எங்கள் தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டில் நகை களவு போனது. அதைக் கேள்விப்பட்டதும் டெக்சாசிலிருந்து அண்ணா போன் எடுத்தார்.

“உடன ஒரு துவக்கு வாங்கு.”

“தற்காப்புக்கெண்டு கேட்டா இஞ்ச துப்பாக்கி லைசென்ஸ் தரமாட்டினம்.”

“அப்ப கள்ளன் வந்தா சோறு போடுவியோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனியாக இருப்பவள் நான். வீடு நிறைய ஆம்பிளைகள் இருப்பதுபோல் தெரியட்டும் என்று வாசலில் ஆறு சோடி பழைய சப்பாத்துகளைப் பரப்பி வைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

“இத்தனை வருசத்தில நீங்கள் எத்தனை தரம் துவக்கை எடுத்து நீட்டினனீங்கள்?”

“ஒருக்காலும் இல்லை. ஆனா இருக்கோ எண்டு நாளுக்கு நாலு தரம் பாப்பன்.”

வாய்விட்டுச் சிரித்தேன். போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் சப்பாத்துகளை எண்ணினேன். அன்றைக்கு அது ஐந்தாவது தரம்.