வராதவர்களுக்கு ஒரு ‘உள்ளேன் ஐயா’

அக்கா, இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை 7.40க்கு, என் அறையில், நல்ல வெளிச்சத்தில் நடந்தது. நம் தங்கை குட்டி ஊரில் வீட்டில் தனியாக இருக்கிறாள். போனை எடுக்கவில்லை. நீ உடனே வீட்டுக்குக் கிளம்பு, போகிற வழியிலேயே இதைப் படித்துவிடு. தட்டச்சு செய்ய நேரமில்லை, போனில் பேசித்தான் எழுத்தாக்குகிறேன்.

என்னுடையது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். திறந்ததும் கறுப்புத் திரையில் மூன்று பிழை வரிகள் ஓடும். மூன்றும் ‘காணவில்லை’ என்றே முடியும். முதல் வாரம் எனக்குப் பயமாக இருந்தது. லேப்டாப் படுத்தால் வேலை போகும், வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆபீசில் சர்வர் பார்க்கும் அண்ணனிடம் காட்டினேன். சிரித்தார்.

“அது அட்டெண்டன்ஸ் எடுக்குதுப்பா. கம்பெனிக்காரன் எல்லா மாடலுக்கும் ஒரே லிஸ்ட்ட உள்ள எழுதி வெச்சுட்டான். உன்னோடதுல மைக், கேமரா, கைரேகை வெக்கிற எடம், மூணும் கெடையாது. ஆனா பேரு இருக்கு. லினக்ஸ் கூப்பிடும், ஆள் வராது, எழுதிட்டுப் போயிடும். ஒண்ணும் ஆகாது.”

பயம் போய் விளையாட்டு வந்துவிட்டது. பள்ளியில் மட்டம் போட்டவனுக்காக நாம் குரல் கொடுப்போமே, அதுபோல. மைக் வரிதான் முதலில் வரும். வந்ததும் தினமும் ‘உள்ளேன் ஐயா’ என்பேன். குட்டியிடமும் சொல்லிச் சிரித்தேன்.

செவ்வாய், 7.40. இரண்டு வரிகள்தான் வந்தன.

மைக் வரி இல்லை.

அப்டேட்டில் சரியாகியிருக்கும் என்று நினைத்தேன். ஆபீஸ் அறிக்கைக்காக, பேசினால் எழுத்தாக மாற்றும் செயலியைத் திறந்து வைத்துவிட்டு ஹெட்செட்டை எடுத்தேன். வயரில் சிக்கு. பிரித்துக்கொண்டிருந்தேன்... இன்னும் செருகவில்லை.

டிக்.

திரையில் எழுத்து ஓடியது.

‘உள்ளேன் ஐயா’

நான் வாயே திறக்கவில்லை, அக்கா.

7.43. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்...

டிக்.

‘யார் கூப்பிட்டது’

படாரென்று மூடினேன்.

அன்று மாலை நம் ஊர் நண்பன் ஒருவன் ஊருக்குக் கிளம்பினான். ஆபீசில் எனக்கு வேறொன்று கிடைக்கும் என்பதால், குட்டியின் நுழைவுத் தேர்வுக்கு இந்த லேப்டாப்பைத் தருகிறேன் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். பயத்தைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பீர்கள். அவனிடமே கொடுத்தனுப்பிவிட்டேன்.

இன்று சர்வர் அண்ணனிடம் அப்டேட் பற்றிக் கேட்டேன்.

“அந்த மாடலுக்கு நாலு வருஷமா எதுவுமே வரலையே.”

பேட்டரி மாற்ற அதைத் திறந்தவர் அவர்தான். மைக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டையாம். ஒயர்கூட இல்லையாம்.

குட்டியை அழைத்தேன். எடுக்கவில்லை. 8.05க்கு அவள் அனுப்பியிருந்த செய்தியை அப்போதுதான் பார்த்தேன்.

“அண்ணா, லேப்டாப் வந்துடுச்சு. ரெண்டு வரிதான் வருது. பாவம்னு ரெண்டு பேருக்கும் நானே உள்ளேன் ஐயா சொல்லிட்டேன்.”

8.20க்கு இன்னொன்று. அவள் போனிலிருந்து இல்லை. கேமராவே இல்லாத அந்த லேப்டாப்பிலிருந்து.

ஒரு படம்.

குட்டி திரையை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருக்கின்றன.

தோளில் இருக்கும் விரல்கள்...

அவளுடையவை இல்லை, அக்கா.